எங்கள் கடையிலிருந்து வராத புகை

மார்ச் 11, செவ்வாய்

கணக்கு ரிவிஷன் டெஸ்டில் முப்பத்தொன்று. நாற்பதுக்கு. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. அடுத்த வாரம் முழுப்பரீட்சை. ஒன்பதாம் வகுப்பே முடியப்போகிறது, நான் சமூக அறிவியலில் பாதிகூடத் தாண்டவில்லை.

சாயங்காலம் எங்கள் காயலான் கடையில், இங்கே குஜரி கடை என்பார்கள், அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டே, அப்பாவிடம் வேலை பார்க்கும் பச்சைமுத்து அண்ணன், "வீணா, மார்க் கம்மியானா பயப்படாத. பாட்டில் மூடி கழட்டற டிபார்ட்மென்ட்ல ஒரு எடம் காலியா இருக்கு" என்றார். "அதுக்கும் இப்ப டிகிரி கேக்கறாங்களாம்டா" என்றார் அப்பா. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லோரும் தூங்கியாயிற்று. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்து மணியிலிருந்து ஏதோ எரிகிற வாசனை. பெங்களூரில் எங்கள் ஈஜிபுராவில் எப்போதும் ஏதாவது ஒரு வாசனை உண்டு, சாக்கடை, பிரியாணி, பெயின்ட். இது வேறு. சருகு எரிகிற மாதிரி. கண் கரிக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவிளக்கைச் சுற்றிப் பஞ்சு மாதிரி நிற்கிறது.

மார்ச் 12, புதன்

காலையில் எதிர் அபார்ட்மென்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். முன்னால் நின்றவர் மஞ்சுநாத் சார், அவர்கள் அசோசியேஷன் செக்ரட்டரி. எப்போதும் மரியாதையாகப் பேசுகிறவர். இன்றும் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"முனிராஜ் அவரே, ராத்திரி பூரா ஒரே ஹொகே, பொகை. என் மகளுக்கு மூச்சு வாங்கி ரெண்டு தடவ நெபுலைசர் வெச்சோம். நீங்க பிளாஸ்டிக் எரிக்கறீங்க."

"நான் எரிக்கல சார்" என்றார் அப்பா.

"பின்ன யாரு? இந்த ரோட்டுல குஜரி கடை உங்களது ஒண்ணுதான்."

அம்மா உள்ளேயிருந்து வந்து, "அது பிளாஸ்டிக் வாசனயே இல்ல சார், எல எரியற வாசன. தெனம் பிளாஸ்டிக்ல கெடக்கறவங்க நாங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பின்னால் நின்ற ஒருவர், "பூட்டு போட்டா எல்லா வாசனயும் நின்னுடும்" என்றார். மஞ்சுநாத் சார் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சனிக்கிழமை காலை இன்ஜினியர் மேடம் வருவார். எரித்தது உண்மை என்றால் கடைக்குப் பூட்டு. கடைக்குப் பூட்டு என்றால் வீட்டுக்கும்தான். கடையின் பின்பாதிதானே எங்கள் வீடு.

நான் பயப்படுவது பூட்டுக்கு மட்டும் இல்லை. இதை எழுதலாமா? யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன். போன மாதம் ஒரு நாள் கடைக்குப் பின்னால், தண்ணீர் டிரம் பக்கத்தில், தரை வட்டமாகக் கறுத்திருந்தது. ஒயரின் மேல் ரப்பரை எரித்துவிட்டால் செம்பு சீக்கிரம் கைக்கு வரும். எல்லாக் குஜரி கடையிலும் செய்கிறார்கள். நான் கேட்கவில்லை. அடுத்த நாள் அந்த இடத்தில் சாக்கு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

இன்று அப்பா "நான் எரிக்கல" என்றபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

மார்ச் 13, வியாழன்

நேற்று ராத்திரியும் புகை. நான் தூங்காமல் பின்பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை. ஆனால் விடியும்வரை கண் திறந்திருந்ததாக என்னால் சொல்ல முடியாது.

மத்தியானம் ஜோசஃபின் மிஸ்ஸிடம் கம்ப்யூட்டர் லேபில் உட்காரக் கேட்டேன். மிஸ் எங்களுக்கு ஜியாகிரபி. டிசம்பரில் ஸ்கூல் எக்ஸிபிஷனுக்காகப் புயல் மேகத்தைச் சாட்டிலைட் படத்தில் நாள் நாளாக எடுத்து ஒட்டியது நான்தான், அதனால் எனக்கு அந்த இணையதளம் பழக்கம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. பூமியில் எங்கே சூடு அதிகமோ அங்கே சிவப்புப் புள்ளி போட்டுக் காட்டும். காட்டுத்தீயைக் கண்டுபிடிக்க அதைத்தான் பார்க்கிறார்கள்.

தளத்தைத் திறந்த பிறகு பெங்களூரைப் பெரிதாக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. ஈஜிபுரா மேல் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால்? என் அப்பாவை நானே பிடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? மவுஸில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். "ஏன்டீ, கரென்ட் போயிடுச்சா?" என்றார் மிஸ்.

பெரிதாக்கினேன். ஈஜிபுராவில் ஒன்றும் இல்லை.

ஆனால் அதை வைத்து நிம்மதியாக முடியாது. ஒரு மூட்டை ஒயர் எரிவதெல்லாம் அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது. புள்ளி இல்லை என்பதற்காகத் தீ இல்லை என்று ஆகாது. புகை எங்கள் கடையிலிருந்து வரவில்லை என்றால், எங்கிருந்து வந்தது என்று காட்டியாக வேண்டும்.

ராத்திரி வந்த புகைதானே என்று ராத்திரிப் புள்ளிகளை மட்டும் போட்டேன். மெல்லத் தெற்கே நகர்த்தினேன். எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஓசூர், தளி. தளிக்குக் கீழே காடு. அங்கே ஒரு கொத்துச் சிவப்பு. மருதாணி வைத்த விரல்களை அழுத்தி எடுத்த மாதிரி. ஒரு புள்ளியைத் தொட்டால் தேதி, நேரம் வருகிறது. மார்ச் 11, 20:10.

செவ்வாய்க்கிழமை எட்டு பத்துக்குத் தீ. பத்து மணிக்கு எங்கள் தெருவில் புகை. காற்று தெற்கிலிருந்து வடக்கே அடித்திருக்கிறது, அதையும் இன்னொரு தளத்தில் பார்த்துவிட்டேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, மிஸ் வந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பிரதி பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். கலர் பிரின்ட். பிரின்சிபால் அனுமதி இல்லாமல் கலர் எடுக்கக் கூடாது.

ஒன்றை மஞ்சுநாத் சாரிடம் கொடுக்கச் சொல்லி அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்தேன். கீழே என் பேர், வகுப்பு, எல்லாம் எழுதியிருக்கிறேன். புள்ளி பக்கத்தில் பேனாவால்: தீ 8:10, புகை 10.

அப்பா எரிக்கவில்லை. அப்பா எரிக்கவில்லை. அப்பா எரிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

எல்லாம் போச்சு. இல்லை, போகவில்லை. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலையில் அம்மா போனில் பொம்மசந்திரா சித்தி மகள் மகாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், உங்கள் பக்கம் புகை வந்ததா என்று. அவள் சொன்னாள்: "வந்துச்சுடீ. செவ்வாக்கெழம எட்டரைக்கே. எங்க அப்பா செகண்ட் ஷிஃப்ட்ல இருந்து போன் பண்ணி, வீட்ட சுத்தி ஏதாச்சும் எரியுதான்னு கேட்டாரு. சீரியல் ஓடிட்டிருந்துச்சு, அதான் டைம் ஞாபகம் இருக்கு."

எட்டரைக்கேவா? எட்டு பத்துக்குத் தளிக்குக் கீழே தீ, எட்டரைக்குள் பொம்மசந்திராவில் புகையா? அது புகையா, ரயிலா?

மத்தியானம் மறுபடி லேபுக்குப் போனேன். புள்ளியைத் தொட்டேன். 20:10. பக்கத்தில் சின்னதாக மூன்று எழுத்து, யூடிசி. நேற்றும் அது இருந்திருக்கும். என் கண்ணில் படவில்லை. கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். இந்தக் கணக்கைத்தானே மிஸ் ஜூலையில் இரண்டு வாரம் போட வைத்தார், எனக்கு அதில் முழு மார்க். அப்படியானால் அந்தத் தீ செவ்வாய் ராத்திரி எட்டு பத்துக்கு இல்லை. புதன்கிழமை விடியற்காலை ஒன்று நாற்பதுக்கு.

புகை வந்த பிறகு தீ.

பேர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்போது அந்தப் புகை? அந்தக் கறுப்பு வட்டம்?

வேறு படம் எதையும் பார்க்காமல், ஸ்கூல் விட்டதும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா தராசுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தார். கேட்டுவிட்டேன். "டிரம் பக்கத்துல கருப்பா இருந்துச்சே, அது என்னப்பா?"

அப்பா கையிலிருந்த சணலை முடிச்சுப் போட்டு முடித்தார். பிறகு, "ஒயர்தாம்மா. போன மாசம், ஒரு ஞாயித்துக்கெழம. செம்பு வாங்கற வண்டி வந்து நின்னுடுச்சு, உரிக்க நேரம் இல்ல. உங்கம்மா பாத்துட்டு ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அதோட விட்டுட்டேன்" என்றார்.

"செவ்வாக்கெழம?"

"இல்ல. உன் மேல சத்தி..."

"என் மேல வேணாம். சும்மா சொல்லு."

"எரிக்கல பாப்பா."

இந்த முறை முகத்தைப் பார்த்தேன். நம்பினேன். ஆனால் நான் நம்பி என்ன பயன், இன்ஜினியர் மேடம் நம்ப வேண்டாமா?

ஸ்கூலுக்கே திரும்பி ஓடினேன். லேபைப் பூட்டிவிட்டு மிஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். "மிஸ், நான் கொடுத்தது தப்பு மிஸ்" என்று சொல்லி அழுதுவிட்டேன். "கொடுத்தது தப்புன்னா சரியானத எடுத்துக் குடு. அழறதுக்கா என் பஸ்ஸ விட வெச்ச?" என்று லேபைத் திறந்துவிட்டார்.

நான் பகல் படத்தையே பார்க்கவில்லை. ராத்திரிப் புகைக்கு ராத்திரித் தீ என்று நானே முடிவு கட்டியிருந்தேன். செவ்வாய்க்கிழமை பகல் படத்தைப் போட்டேன். இந்த முறை முதலில் நேரத்தைப் பார்த்தேன், ஐந்தரை கூட்டினேன். மத்தியானம் ஒன்றரை. அதே காடு, அடுத்த மேடு. சிவப்புப் புள்ளிகள் ராத்திரியைவிட அதிகம். அவற்றிலிருந்து வடக்கே, பெங்களூரைப் பார்த்து, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மேகமாக இருக்குமோ என்று பார்த்தேன். மேகம் வெள்ளையாக, கட்டியாக இருக்கும், கீழே தரையில் நிழல் விழும். இதற்கு நிழல் இல்லை. வால் பக்கம் அகலமாகி, கலைந்து, பழுப்பாகிறது. இது புகை.

பிறகு நகரத்தில் காற்றின் தூசியை அளக்கிற கருவிகளின் கணக்கு. அதுவும் எல்லோருக்கும் திறந்ததுதான். தெற்கே இருக்கிற கருவியில் முதலில் ஏறுகிறது, பிறகு நடுவில், வடக்கே கடைசியில். மகாவுக்கு எட்டரை, எங்களுக்குப் பத்து, வடக்கே பீன்யாவுக்கு நடு ராத்திரி தாண்டி. எங்கள் கடையில் எரிந்திருந்தால் பொம்மசந்திராவில் எப்படி முதலில் நாறும்?

பகலில் புகை உயரத்தில் போகிறது, ராத்திரி காற்று குளிர்ந்ததும் தரைக்கு இறங்குகிறது. அதனால்தான் எல்லோருக்கும் ராத்திரிப் புகையாகத் தெரிந்தது. இதை மிஸ்ஸிடம் சொன்னபோது, "கரெக்ட்" என்றார். ஒரே வார்த்தை. மறுபடியும் கலர்.

நாளைக்கு எல்லோர் முன்னாலும் பேச வேண்டும்.

மார்ச் 15, சனி

இதை மட்டும் அவசரப்படாமல் எழுத வேண்டும்.

பத்தரைக்கு இன்ஜினியர் மேடம் வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். மூட்டைகளை நகர்த்தச் சொன்னார். கறுப்பு வட்டம். அபார்ட்மென்ட்காரர்கள் ஏழெட்டுப் பேர் அதைக் குனிந்து பார்த்தார்கள். பச்சைமுத்து அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மஞ்சுநாத் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். என் பிரின்ட். "மேடம், இவரோட பொண்ணு இத குடுத்தா. நான் ரெண்டு நாளா பாத்தேன். எட்டு பத்துக்குக் காட்டுல தீ, பத்துக்கு நம்ம கிட்ட ஹொகே. சரியா வருது. நான் கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்கிக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

அம்மா என் தோளைப் பிடித்தாள். சந்தோஷத்தில்.

எனக்கு மட்டும் தெரியும், அந்த எட்டு பத்து தப்பு. பேசாமல் நின்றால் போதும், எல்லாம் முடிந்தது. கடை இருக்கும், வீடு இருக்கும். யாருக்கும் தெரியாது. தெரியாதா? அவர் சாஃப்ட்வேர்காரர். நாளைக்கே யாராவது அந்த மூன்று எழுத்தைப் பார்த்தால்? அப்போது அப்பா பொய்க்காரர், நான் பொய்க்காரி, நான் என்ன படம் காட்டினாலும் யார் பார்ப்பார்கள்? இப்போது நிதானமாக எழுதுகிறேன், அங்கே இவ்வளவு யோசித்தேனா என்று தெரியவில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"சார், அது தப்பு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"எட்டு பத்து இல்ல சார். அது கிரீன்விச் டைம். நம்ம டைம்ல ராத்திரி ஒண்ணு நாப்பது. புகை வந்ததுக்கு அப்பறம்."

"கேட்டீங்களா?" என்றார் பூட்டு என்று சொன்ன அதே ஆள். "பொண்ணே ஒத்துக்கிட்டா." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கை என் தோளிலிருந்து விலகியது.

"இன்னும் முடிக்கல அங்கிள்" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. தராசு மேல் இரண்டாவது பிரின்ட்களை வரிசையாக வைத்தேன், காற்றில் பறக்காமல் எடைக்கல் வைத்து. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை. சிவப்பு. சாம்பல் கோடு. காற்று. தெற்கே முதலில், வடக்கே கடைசியில். பொம்மசந்திரா எட்டரை. இங்கே பத்து. பாதியில் தமிழிலிருந்து கன்னடத்துக்கு மாறிவிட்டேன், எப்போது மாறினேன் என்றே தெரியவில்லை.

மஞ்சுநாத் சார் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தன் போனில் அந்தத் தளத்தைத் திறந்தார். ஐந்தரை மணியை அவரே விரல் விட்டுக் கூட்டினார். பிறகு, "மேகம் இல்லன்னு எப்படிச் சொல்ற?" என்றார். நிழலைப் பற்றிச் சொன்னேன். போனை இன்ஜினியர் மேடம் பக்கம் நீட்டினார். "மேடம் நோடி, பாருங்க. இது நம்ம மேலதான் வந்து நிக்குது."

மேடம் பார்த்துவிட்டு, "சரிம்மா. ஆனா இந்தக் கருப்பு? உங்கப்பா எப்பவுமே எரிக்கலன்னு சாட்டிலைட் சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"சொல்லாது மேடம். இவ்ளோ சின்னத் தீ அதுல தெரியாது."

அப்பா முன்னால் வந்தார். "ஒரு தடவ எரிச்சேன் மேடம். போன மாசம், ஒயரு. அது என் தப்பு. இந்த வாரம் எரிக்கல."

இப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மஞ்சுநாத் சாரும் எதிர்பார்க்கவில்லை போல. அவர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

ஒயர் எரித்ததற்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறார் மேடம். இனி ஒரு தடவை என்றால் பேச்சே இல்லை, பூட்டுதான். புகைப் புகாருக்கு அவர் எழுதியதை அப்பா என்னைப் படிக்கச் சொன்னார். கன்னடத்தில் இரண்டு வரி. புகைக்கும் இந்தக் கடைக்கும் தொடர்பு இல்லை.

கூட்டம் கலைந்ததும் பச்சைமுத்து அண்ணன் வந்து, "அந்த மூடி கழட்டற வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்மா, உனக்கு இல்ல" என்றார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, காதில், "தப்புன்னு சொன்னப்ப உன்ன அறையலாம்னு இருந்துச்சுடீ" என்றாள்.

ஜெயித்துவிட்டோம். எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஜெயித்துவிட்டோம்.

மார்ச் 16, ஞாயிறு

பதினோரு மணிவரை தூங்கினேன். யாரும் எழுப்பவில்லை.

மார்ச் 19, புதன்

சமூக அறிவியல் பரீட்சை. நேர வித்தியாசக் கணக்கு ஒன்று வந்தது. மேற்பார்வைக்கு நின்ற ஜோசஃபின் மிஸ் என் பெஞ்சைத் தாண்டும்போது கூரையைப் பார்த்துக்கொண்டே போனார்.

மார்ச் 22, சனி

சாயங்காலம் நல்ல மழை. படத்தில் ஒரே வெள்ளை. தளிக் காட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

மார்ச் 27, வியாழன்

பரீட்சை முடிந்த பிறகும் தினமும் மத்தியானம் அம்மா போனில் படம் பார்க்கிறேன். இன்று தளிக்கு மேற்கே புது மேட்டில் சிவப்பு, சாம்பல் கோடு வடக்கே திரும்பியிருக்கிறது. ஐந்தரை கூட்டினேன். இரண்டாம் முறையும் கூட்டினேன். காற்றைப் பார்த்தேன். மகாவிடம், வாசனை வந்ததும் சொல்லு என்றேன்.

மஞ்சுநாத் சார் போன வாரம் அப்பாவிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், பாப்பா எதையாவது பார்த்தால் சொல்லச் சொல்லுங்கள் என்று. சும்மா மரியாதைக்குச் சொன்னாரோ என்னவோ. அனுப்பலாமா? தப்பாகப் போனால்? அப்பாவிடம் கேட்டேன். "அன்னிக்கு அத்தன பேர் முன்னாடி தப்புன்னு சொன்னவதான, இன்னிக்கு வரலன்னா வரலன்னு சொல்லிட்டுப் போ" என்றார்.

மெசேஜ் போட்டேன்: சார், இன்று ராத்திரி ஒன்பதரைக்கு மேல் நம் தெருவுக்குப் புகை வரலாம். காட்டுத்தீ. உங்கள் பாப்பாவை உள்ளே வைத்து ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள். வராமலும் போகலாம். வீணா.

பதில் இல்லை. எட்டு மணிக்கு மகா: "வந்துடுச்சுடீ இங்க." கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் டைரி எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "என் பேரும் போடு" என்றாள்.

ஒன்பது மணிக்கு எதிர் அபார்ட்மென்டில் மூன்றாவது மாடி ஜன்னல் மூடியது. மஞ்சுநாத் சார் வீடு. பிறகு அதற்குக் கீழ் வீடு. பிறகு ஐந்தாவது மாடி, இரண்டாவது, மூலை வீடு. பூட்டு என்று சொன்னாரே, அவர் வீடும். வாட்ச்மேன் மாடிமாடியாக ஏறிச் சொல்லிக்கொண்டிருந்தார், அவர் குரல் தெருவரை கேட்டது: "காட்டு ஹொகே பர்த்தாயிதே, குஜரி கடை பாப்பா ஹேளித்தாளே." காட்டுப் புகை வருகிறது, குஜரி கடைப் பாப்பா சொல்லியிருக்கிறாள் என்று.

காற்றில் இன்னும் ஒன்றும் இல்லை. தெருவிளக்கு சுத்தமாக எரிந்தது. நான் காத்திருந்தேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் சருகு வாசனை வந்தது.